வால் பிடிக்கிற வேலை

ஒருவனைப் பார்த்து வால் பிடிக்கிறவன் என்று சொன்னால் அவன் சட்டையைப் பிடிக்க வருவான். எனக்கு அந்த வாரம் முழுக்க அதுதான் வேலை. நிஜ வால். கயாக் படகின் பின்முனை.

எத்தனையோ நாடுகளிலிருந்து ஆட்கள் எங்கள் ஏரிக்கு வந்து போட்டி போடுகிறார்கள். படகு ஒவ்வொன்றும் முகம் பார்க்கலாம் போல வழவழப்பாக இருக்கிறது. ஆனால் புறப்படுகிற இடத்தில் ஒவ்வொரு படகுக்குப் பின்னாலும் ஒருவன் மிதவைமேல் குப்புறப் படுத்து அதன் வாலைப் பிடித்திருக்க வேண்டும். தண்ணீரில் எது சும்மா நிற்கும்? ஓரத்து மேடையிலிருந்து ஓர் அதிகாரி ஒலிபெருக்கியில், மூன்றாவது லேன் பின்னால், ஆறாவது லேன் முன்னால் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். சொன்னபடி இழுக்க வேண்டும், தள்ள வேண்டும். எல்லாப் படகின் மூக்கும் ஒரே கோட்டுக்கு வந்ததும் ஹாரன் அடிக்கும். அடித்ததும் கையை விட வேண்டும். இந்த வேலைக்கென்று ஓர் இயந்திரம் வந்திருந்தது. முதல் நாளே தண்ணீர் குடித்து நின்றுவிட்டது. அதனால் ஏரியில் வேலை பார்க்கிற எங்களில் ஒன்பது பேரைக் கூப்பிட்டார்கள். நான் பாசி அள்ளுகிறவன்.

போட்டியில் என் மகளும் இருந்தாள். ஒற்றை ஆள் கயாக், ஐந்நூறு மீட்டர்.

அவள் கல்யாணமாகிப் போன வீட்டிலிருந்து திரும்பி வந்து ஒரு வருஷம் ஆகிறது. மாப்பிள்ளைக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. வீடா படகா, முடிவு பண்ணிக்கொள் என்றான். அவள் படகைத் தோளில் வைத்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றாள். வாசல் வழியாகப் படகு திரும்பவில்லை. ஜன்னல் கம்பியைக் கழற்றி உள்ளே விட்டோம். கூடத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறது. வீட்டில் யார் எழுந்து நடந்தாலும் "குனி, குனி" என்று நான் கத்த வேண்டியிருக்கிறது. அப்படியும் இரண்டு முறை என் தலைதான் இடித்தது.

வீடா படகா என்ற பேச்சு என் முன்னால் நடந்த நாளில் மாப்பிள்ளையின் அப்பா, அதாவது என் சம்பந்தி, நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகனைக் கண்டிக்கவும் இல்லை, மருமகளைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன். வாயை மூடிக்கொண்டிருக்கிற ஆளை எப்படி நம்புவது? அவருக்கும் ஏரியில்தான் வேலை, மோட்டார் படகு ஓட்டுகிறார். அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சு இல்லை. "யாராவது அந்த பெட்ரோல் கேனை நகர்த்தினா நல்லது" என்று அவர் காற்றைப் பார்த்துச் சொல்வார். "வெச்சவங்களே நகர்த்தினா இன்னும் நல்லது" என்று நான் சுவரைப் பார்த்துச் சொல்வேன்.

வால் பிடிக்க ஆள் எடுத்தபோது தலைமை நடுவர் அம்மா மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்டார். "உங்கள்ல யாருக்காவது போட்டியில சொந்தக்காரங்க இருக்காங்களா?"

நான் கை தூக்கினேன். சம்பந்தி தூக்கவில்லை.

"மருமக சொந்தம் இல்லையாமா?" என்றேன் சுவரிடம்.

"ஒரு வருஷமா இல்லைன்னுதானே சொல்லிக்கிறாங்க," என்றார் காற்றிடம்.

கை தூக்கியதற்குப் பலன், என் மகளின் படகை என் கையில் தரமாட்டார்கள். கை தூக்காதவருக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. அரையிறுதிக்கு லேன் பிரித்துப் பட்டியல் ஒட்டியபோது மகளுக்கு ஐந்தாவது. ஐந்தாவது லேனில் படுக்கிறவர் சம்பந்தி. நான் நாலாவது.

மைதானப் பொறுப்பாளரிடம் ஓடினேன். வாட்டசாட்டமான ஆள், எந்நேரமும் காதில் போன்.

"அஞ்சாவது லேன்ல ஆளை மாத்துங்க."

"எதுக்கு?"

"நம்ப முடியாது."

"நீங்க யாரைத்தான் நம்பறீங்க? போன வாரம் எடை மெஷினை நம்பலை. முந்தாநாள் சுவர்க் கடிகாரத்தை நம்பலை."

"கடிகாரம் நிஜமாவே பின்னாடி ஓடுச்சே."

"போய்ப் படுங்க ஐயா, போங்க."

என் பயம் இதுதான். கெட்ட எண்ணம் உள்ளவன் படகை உடைக்க வேண்டியதில்லை, ஓட்டை போட வேண்டியதில்லை. ஹாரன் அடித்த பிறகு கண் சிமிட்டுகிற நேரம் கையை விடாமல் இருந்தால் போதும். கேமரா படகுகளின் மூக்கை மட்டும்தான் பார்க்கும். வாலை யார் பார்க்கிறார்கள்? அரையிறுதியில் முதல் மூன்று பேர்தான் இறுதிப் போட்டிக்குப் போவார்கள். என் மகளுக்கு அந்த ஓர் இடம் வேண்டும். அதற்காகத்தான் அவள் புருஷனை விட்டு வந்தாள் என்று பேசினார்கள். அவள் இல்லை என்று யாரிடமும் சொல்லவில்லை.

மிதவைமேல் படுத்தோம். என் கையில் வந்தது ஒரு வெளிநாட்டுப் பெண்ணின் படகு. சிவப்புத் தொப்பி போட்டிருந்தாள். பின்பக்கமாகவே படகை ஓட்டி வந்து என் கைக்குள் வாலைக் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்த்துத் தன் பாஷையில் ஏதோ சொன்னாள். நன்றியாகத்தான் இருக்கும். அந்த ஊர்க்காரர்களுக்கு எல்லாவற்றுக்கும் நன்றி.

நான் அவளைப் பார்க்கவில்லை. தலையை வலது பக்கம் திருப்பி வைத்துக்கொண்டேன். ஐந்தாவது லேனில் சம்பந்தியின் கை. நகத்தில் எண்ணெய்க் கறுப்பு. நடக்கப் பழகுகிற பிள்ளையை இடுப்பில் பிடிப்போமே, அப்படி என் மகளின் படகைப் பிடித்திருந்தார். அவர் தலை தூக்கவில்லை. மூக்கு நுனியில் ஓர் ஈ உட்கார்ந்தது, அதைக்கூட ஊதவில்லை. கண் வாலிலேயே இருந்தது. நடிப்பு, இப்போது பார், இப்போது விடாமல் பிடிப்பான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன்.

ஹாரன் அடித்தது.

அவர் விரல்கள் விரிந்தன. சத்தமும் விரலும் ஒன்றாகவே போயின. என் மகளின் படகு நழுவிப் போயிற்று. அப்பாடா, ஏமாற்றவில்லை என்று நினைத்த அதே நேரம் என் மணிக்கட்டைப் பிடித்து யாரோ இழுத்தார்கள். சிவப்புத் தொப்பியின் படகு இன்னும் என் கையில் இருந்தது.

விட்டேன். ஆனால் அதற்குள் படகு ஒரு பக்கமாக வெட்டிவிட்டது. அவள் துடுப்பு தண்ணீரைச் சரியாகப் பிடிக்காமல் நுரையை அள்ளியது. மற்றவர்கள் போய்விட்டார்கள்.

என் மகள் மூன்றாவது வந்தாள். சிவப்புத் தொப்பி நாலாவது.

கரைக்கு வந்தேன். மகளைச் சுற்றி ஒரே கூட்டம், தண்ணீர் சொட்டச் சொட்ட எல்லோரையும் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் படகு அடுக்குகிற சட்டத்தருகே சிவப்புத் தொப்பி நின்றாள். அவளுடைய கோச் இரண்டு கையையும் கன்னத்துக்கு அடியில் வைத்துத் தலையைச் சாய்த்துக் காட்டினார். தூங்கிவிட்டாயா என்கிறார். அதற்குப் பாஷை தேவையில்லை. அவள் எதிர்த்துப் பேசுவாள் என்று பார்த்தேன். தலையை ஆட்டி ஒத்துக்கொண்டாள். தன் தப்பு என்றே நினைத்துவிட்டாள்.

முடிவைப் பலகையில் ஒட்டிய பிறகு கொஞ்ச நேரம்வரைதான் புகார் எடுப்பார்கள். பிறகு அது கல்வெட்டு. பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் அவள் தலையாட்டியது கண்ணை விட்டுப் போகவில்லை.

மகளைத் தனியாக இழுத்துப்போய்ச் சொன்னேன்.

அவள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள்.  துண்டுக்குள்ளிருந்தே கேட்டாள். "வேணும்னே பண்ணினியா?"

"இல்லை. நான் அந்த ஆளோட கையைப் பார்த்துட்டிருந்தேன்."

"எந்த ஆளு? மாமாவோட கையையா? எதுக்கு?"

"உனக்குத் துரோகம் பண்ணுவாருன்னு."

"பண்ணினாரா?"

"இல்லை."

"ஏம்பா, என்கிட்ட எதுக்கு வந்து சொன்ன? நேரா அவங்ககிட்ட போயிருக்கக் கூடாதா? இப்ப சொல்லாதேன்னு சொன்னா நான் திருடி. சொல்லுன்னு சொன்னா பைத்தியக்காரி. ரெண்டுல எதுன்னு என்னையே தேர்ந்தெடுக்கச் சொல்றியா?"

நான் நடுவர்கள் அறைப் பக்கம் பார்த்தேன்.

"போ," என்றாள். "நான் மனசு மாறுறதுக்குள்ள போ."

நடுவர்கள் அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மேஜை விசிறி, ஒரு டிவி. நான் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் சொன்னார். டிவியில் போட்டுப் பார்த்தார்கள். நாலாவது லேனின் மூக்கு தாமதமாகக் கிளம்புவது தெரிந்தது. ஏன் என்று தெரியவில்லை. அவளே தாமதமாகத் துடுப்பைப் போட்டிருந்தாலும் அப்படித்தான் தெரியும். இரண்டாவதாக வந்த பெண்ணின் கோச் மேஜையில் தட்டினார். "இந்தப் பெரியவரை யாரோ சொல்லிக்கொடுத்துக் கூட்டிட்டு வந்திருக்காங்க. எந்த அப்பன் தன் பொண்ணோட இடத்தைக் கெடுத்துக்க வருவான்?"

சிரிப்பு வந்தது. அவர் இடத்தில் நான் இருந்தால் இதையேதான் சொல்லியிருப்பேன். வாழ்நாள் முழுக்க ஒருவரையும் நம்பாமல் இருந்துவிட்டு, உண்மையைச் சொல்கிற அன்றைக்கு என்னை நம்ப ஆள் இல்லை.

"பக்கத்து லேன்ல இருந்தது யாரு? அவரைக் கூப்பிடுங்க," என்றார் நடுவர் அம்மா.

சம்பந்தி பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். மொழிபெயர்ப்பாளர் கேட்டார். "இவர் ஹாரன் அடிச்சப்புறமும் படகை விடலைன்னு சொல்றார். நீங்க பார்த்தீங்களா?"

சம்பந்தி என் முகத்தைப் பார்த்தார். ஒரு வருஷத்தில் முதல் தடவை.

"பார்த்தேன்," என்றார். "நல்லாவே பார்த்தேன். படகு பக்கவாட்டுல வெட்டிக்கிட்டுப் போச்சு. அந்தப் பொண்ணு மேல தப்பு இல்லை."

உலகத்திலேயே அது பொய் என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான். அவர் கண்ணை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லையே. அந்தக் கண் என் பக்கம் திரும்பவே இல்லை.

இரண்டு பேர் சொன்னதும் எழுதிக்கொண்டார்கள். மாலையில் காற்று அடங்கியதும் அரையிறுதியை மறுபடி நடத்துவது என்று முடிவானது. மிதவைப் பக்கமே வரக் கூடாது என்று என்னிடம் சொன்னார்கள். சிவப்புத் தொப்பி வழியில் என்னைப் பார்த்தாள். நன்றி எல்லாம் சொல்லவில்லை. முறைத்தாள். அது நியாயம்தான்.

மாலையில் கரையில் நின்றேன். வால் பிடிக்கிறவனுக்குப் போட்டி என்றால் தூரத்தில் சின்னதாகிக்கொண்டே போகிற முதுகுகள்தான். கரையில் நின்றால் முகம் தெரிகிறது. என் மகள் துடுப்பு போடும்போது உதட்டை ஒரு பக்கமாகக் கடிக்கிறாள் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். சின்னப் பிள்ளையில் செருப்பு வார் மாட்டும்போதும் அப்படித்தான் கடிப்பாள். ஐந்தாவது லேனில் யார் பிடித்தார், எப்போது விட்டார் என்று நான் பார்க்கவில்லை.

சிவப்புத் தொப்பி முதலாவது. என் மகள் நாலாவது. ஒரு கை அகலம்தான் வித்தியாசம்.

அவள் படகைத் தோளில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். கண் சிவந்திருந்தது.

"எத்தனாவதுன்னு பார்த்தியா?"

"பார்த்தேன்."

"சந்தோஷமா?"

"இல்லை."

"எனக்கும் இல்லை." படகை மறு தோளுக்கு மாற்றினாள். "இறுதிக்குப் போகாதவங்களுக்கு நாளைக்கு மிச்ச இடத்துக்கு ஒரு ஓட்டம் இருக்கு. நீ பிடிக்க வராதே."

"விட மாட்டாங்க."

"விட்டாலும் வராதே. கரையில நில்லு. ஆனா கத்தாதே."

"நான் எங்கே கத்தினேன்?"

"பாதி ஏரிக்குக் கேட்டுச்சு. 'குனி, குனி'ன்னு. கயாக்ல எவளாவது குனிவாளாப்பா?"

சொல்லிவிட்டு அவள் சிரிக்கவில்லை. ஆனால் படகின் முன்பக்கத்தை என் தோளில் வைத்தாள். சுமந்துகொண்டு மோட்டார் கொட்டகையைத் தாண்டும்போது உள்ளே சம்பந்தி எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தார். "மாமா, நாளைக்கும் நீங்கதான் பிடிக்கணும்," என்றாள் அவள். "சரிம்மா," என்றார். அவர்களுக்குள் பேச்சு நின்றதே இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

படகை இறக்கிவிட்டுத் திரும்பி வந்தேன்.

"எப்பப் பார்த்தீங்க?" என்றேன்.

"எதை?"

"என் கையை."

"உங்க கையை நான் எதுக்குப் பார்க்கணும்? எனக்கு வேலை இல்லையா?"

"அப்புறம் ஏன் பார்த்தேன்னு சொன்னீங்க?"

"நீங்கதான் சொன்னீங்களே, விட லேட்டாச்சுன்னு." புனலைத் தூக்கிப் பார்த்தார். "சம்பந்தி, அந்தக் கேனை இப்படி நகர்த்துங்க."

நகர்த்தினேன்.