கண் கழுவிய ஐம்பது நிமிடம்

அந்தத் துணி ஆலையின் ரசாயனக் கிடங்குக்குப் பொறுப்பாக இருந்த பெண்மணியை லாரிக்காரர்கள் கண்ணாடியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் கண்ணாடி போடுகிறவர் இல்லை, மற்றவர்களைப் போட வைக்கிறவர். கண்ணை ஒட்டி உட்காரும் பாதுகாப்புக் கண்ணாடியும் அதற்கு மேல் முகத்தடுப்பும் இல்லாமல் அவருடைய கிடங்கில் ஒருவரும் ஒரு மூடியைக்கூடத் திறக்க முடியாது. அக்கா வீட்டில் வெங்காயம் நறுக்கவும் கண்ணாடி மாட்டியாக வேண்டும் என்று டிரைவர்கள் கிண்டலடிப்பது அவர் காதிலும் விழும். பேசிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவார்.

வாரம் ஒரு முறை அங்கே டாங்கர் லாரியில் காஸ்டிக் சோடாக் கரைசல் வரும். பருத்தித் துணிக்குப் பளபளப்பு வரவும், சாயம் சீராக ஏறவும் அது வேண்டும். பார்க்கத் தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும், வாசனை கிடையாது. விரலில் பட்டால் சோப்பைப் போல வழுக்கும். தோலில் இருக்கிற கொழுப்பு அங்கேயே சோப்பாக மாறுவதால்தான் அந்த வழுக்கல் என்று கண்ணாடியக்கா சொல்லும்போது, வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்கள்.

டாங்கரை ஓட்டி வருகிறவருக்கு நாற்பது வயது இருக்கும். பத்து வருடமாக இதே சரக்கு, இதே பாதை. மாற்று டிரைவராகக் கூட வருவது அவர் மனைவியின் அண்ணன். இருவருக்கும் ஒரே நாளில் பேச்சு முறிந்து ஒரே நாளில் கூடிவிடும். அன்றைக்குக் காலையில் கூடியிருந்தார்கள். டிரைவரின் மகளை மாலையில் பள்ளிக்கூட மேடையில் ஏற்றிப் பரிசு கொடுக்கப் போகிறார்கள், அதற்குள் ஊர் திரும்பிவிட வேண்டும் என்று மச்சான்தான் வந்ததும் வராததுமாகச் சொன்னார்.

ஆனால் சரக்கு இறங்கவில்லை. ராத்திரி முழுக்கக் கடும் குளிர். அடர்த்தியான காஸ்டிக் கரைசலுக்குக் குளிர் ஆகாது, தண்ணீர் உறைவதற்கு வெகு முன்பே அது கட்டிதட்டிவிடும். டாங்கருக்குள் இருந்தது இளகித்தான் இருந்தது. வால்வுக்கும் ஹோஸுக்கும் நடுவில் இருந்த முழநீளக் குழாயில் மட்டும் வெள்ளையாக இறுகி அடைத்துக்கொண்டது.

டிரைவர் சுத்தியலை எடுத்தார். கண்ணாடியக்கா வேண்டாம் என்றார். கம்பியால் குத்தலாம் என்றார் டிரைவர். அதற்கும் வேண்டாம். கொதிகலன் அறையிலிருந்து வெந்நீர் கொண்டுவந்து குழாயின் வெளிப்பக்கத்தில் ஊற்றிக்கொண்டே இருந்தால் தானாக இளகும், வால்வை மூடிவைத்துவிட்டு ஒரு மணி நேரம் பொறுங்கள் என்றார். இதற்கே அரை மணி நேரம் வாக்குவாதம் ஆனது. கடைசியில் டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே வெந்நீர் ஊற்ற ஆரம்பித்தார்.

நாலைந்து வாளி ஊற்றியதும் ஆவி எழும்பி அவருடைய கண்ணாடியில் படிந்தது. அவர் முகத்தடுப்பை மேலே தள்ளினார். கண்ணாடியையும் நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். ஹோஸ் இணைப்பு இளகிவிட்டதா என்று பார்க்கக் குனிந்து அதைத் திருகினார்.

கண்ணாடியக்கா அதைப் பார்த்தார். சொல்ல வாயெடுத்தார். இப்போதுதான் ஒரு சண்டை ஓய்ந்திருக்கிறது, மறுபடியும் ஆரம்பிக்க வேண்டுமா, ஒரு நிமிட வேலைதானே என்று ஒரு சலிப்பு வந்தது. வாயை மூடிக்கொண்டார்.

வால்வு முழுசாக மூடியிருக்கவில்லை. அது யாருக்கும் தெரியாது. அடைப்பு விட்டதும் டாங்கரின் மொத்த அழுத்தமும் அந்த இணைப்பு வழியாக வந்தது. ஒரே பீய்ச்சல். டிரைவரின் நெற்றி, கண்கள், கழுத்து, சட்டை எல்லாம் நனைந்துவிட்டன.

அவர் கத்தவில்லை. “அக்கா, கண்ணுல பட்டுடுச்சு” என்றார் சாதாரணமாகச் சொல்வதுபோல. பிறகு கையுறை போட்ட கையைக் கண்ணுக்குக் கொண்டுபோனார்.

கண்ணாடியக்கா பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தார். அவசரக் குளியல் குழாய் பத்தடி தூரத்தில் இருந்தது. அவரைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய் அதன் அடியில் நிறுத்திக் கம்பியை இழுத்தார். மச்சான் வால்வை இறுக்கிவிட்டு ஓடி வந்தார். கிடங்குச் சுவரில் மணி ஒன்பது பத்து.

தண்ணீர் பனிக்கட்டிபோல இருந்தது. கத்தரிக்கோலால் சட்டையை வெட்டி எறிந்தார்கள், பெல்ட்டையும் பூட்ஸையும் கழற்றினார்கள். டிரைவர் கண்களை இறுக மூடிக்கொண்டார். மூடிய கண்ணைக் கழுவிப் பயனில்லை. கண்ணாடியக்கா கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு விரலால் இமைகளைப் பிரித்தார். இமை வழுக்கிக்கொண்டு போனது. தன் சேலை முந்தானையைக் கிழித்து விரலில் சுற்றிக்கொண்டு மறுபடி பிடித்தார். தண்ணீர் நேராகக் கண்ணுக்குள் விழுந்தபோதுதான் டிரைவர் கத்தினார்.

ஐந்து நிமிடம் போயிருக்கும். எரிச்சல் குறைந்துவிட்டது, விடுங்கள் என்று டிரைவர் சொன்னார். கண்ணாடியக்கா இமையை விடவில்லை. அமிலம் சுட்டால் சுட்ட இடத்திலேயே ஒரு பொருக்குக் கட்டி நின்றுவிடும். காஸ்டிக் போன்ற காரம் அப்படி நிற்காது, வலியைக்கூட மரக்கச் செய்துவிட்டு உள்ளே இறங்கிக்கொண்டே போகும். அதை அந்த நேரத்தில் அவருக்கு விளக்கிக்கொண்டிருக்க முடியாது. இன்னும் கொஞ்ச நேரம் என்று மட்டும் சொன்னார்.

யாரோ ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார்கள். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். மெக்கானிக் ஒருவர் கேன்டீனுக்கு ஓடி வினிகர் பாட்டிலோடு வந்தார். காரத்துக்குப் புளிப்புதான் மாற்று என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறாராம். இரண்டும் கண்ணுக்குள் சேர்ந்தால் சூடு கிளம்பி மிச்சத்தையும் வேகவைத்துவிடும், அதைக் கொண்டுபோய்த் தூர வை, மேஜை இழுப்பறையில் கழிவுநீர் சோதிக்கிற தாள் இருக்கிறது, அதை எடுத்து வா என்று கண்ணாடியக்கா திரும்பிப் பார்க்காமலே விரட்டினார்.

மேனேஜர் தன் காரைக் கொண்டுவந்து கதவைத் திறந்து வைத்தார். ஆஸ்பத்திரி முப்பத்தைந்து நிமிடத் தூரம். மச்சானுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. தண்ணீருக்குள் வந்து கண்ணாடியக்காவின் தோளைப் பிடித்து இழுத்தார்.

“விடுங்க அவரை. கார் நிக்குது. இங்க நிறுத்தி வச்சுக் குளிப்பாட்டிட்டு இருக்கீங்களே, என் தங்கச்சிக்கு நான் என்ன பதில் சொல்றது?”

“கார்ல தண்ணி இருக்கா?” என்றார் கண்ணாடியக்கா.

மச்சான் திரும்பிக் காரைப் பார்த்தார்.

“முப்பத்தஞ்சு நிமிஷம் தண்ணி படாமப் போனா அங்க காட்டுறதுக்குக் கண்ணு இருக்காது. ஆம்புலன்ஸ் வருது. அதுவரைக்கும் நீங்க அவர் தலையப் பிடிங்க. எனக்குக் கை மரத்துப்போச்சு.”

மச்சான் ஒரு கணம் அவரையே முறைத்தார். பிறகு பின்னால் போய் நின்று, தங்கையின் கணவரின் தலையை இரண்டு கைகளாலும் ஏந்தித் தன் மார்போடு சாய்த்துக்கொண்டார். டிரைவருக்குக் குளிரில் பல் தந்தியடித்தது. உதடு நீலமானது. மூன்று பேரும் நனைந்துகொண்டு நின்றார்கள். டிரைவர் முரண்டு பிடிக்கும்போதெல்லாம் மச்சான் காதருகே குனிந்து, “மாப்ள, கொஞ்சம் பொறுங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

இருபத்தைந்தாவது நிமிடத்தில் ஆம்புலன்ஸ் வந்தது. இறங்கி வந்த நர்ஸ் அவசரப்படுத்தவில்லை. தொடர்ந்து ஊற்றுங்கள் என்று சொல்லிவிட்டுப் போர்வைகளை எடுத்து வைத்தார். மெக்கானிக் கொண்டுவந்த சோதனைத் தாளைக் கீழிமைக்குள் தொட்டுப் பார்த்தார். கருநீலமாக மாறியது. காரம் இன்னும் இருக்கிறது. பத்து நிமிடம் கழித்துத் தொட்டபோது இளம்பச்சை, காரம் போய்விட்டதற்கான நிறம். தண்ணீரை நிறுத்தினார்கள். டிரைவரைப் போர்வையில் சுற்றி உட்காரவைத்தார்கள். சுற்றி நின்றவர்கள் மூச்சு விட்டார்கள்.

ஐந்து நிமிடம் பார்ப்போம், உள்ளே ஊறியது வெளியே கசியும் என்றார் நர்ஸ். ஐந்து நிமிடம் கழித்து வலது கண்ணில் தாள் மறுபடி நீலமானது.

மறுபடியும் தண்ணீரா என்று கேட்டு டிரைவர் அழுதார். பெரிய உடம்புக்காரர், போர்வைக்குள் குறுகிப்போய் அழுதார். கண்ணாடியக்கா அவருடைய கையைப் பிடித்தார்.

“தம்பி, இன்னும் பத்தே நிமிஷம். உங்க கூட நானும்தான் நனையறேன்.”

பத்து மணிக்குத் தாள் இரண்டு கண்களிலும் பச்சையாகவே நின்றது. ஆம்புலன்ஸில் போகும் வழியெல்லாம் உப்புநீர் ஊற்றிக்கொண்டே போனார்கள்.

அன்று மாலை கண்ணாடியக்காவால் காபி டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. விரல் நுனிகளில் தோல் உரிந்திருந்தது. அவருடைய கணவர் தையல்காரர். மெஷினை நிறுத்திவிட்டு வந்து டம்ளரைத் தானே பிடித்துக் குடிக்க வைத்தார். விபத்து அறிக்கையை மறுநாள் கொடுக்க வேண்டும். பாதுகாப்புச் சாமான் கொடுத்தோம், அவர் கழற்றிவிட்டார் என்று எழுதினால் போதும், அதுவே உண்மைதானே என்று மேனேஜர் சொல்லி அனுப்பியிருந்தார். கண்ணாடியக்கா கணவரிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார், தான் பார்த்தும் சொல்லாததையும் எழுதப்போவதாகச் சொன்னார்.

“நீ எழுதுனா அவருக்குக் கண்ணு வந்துடுமா?” என்று கேட்டார் தையல்காரர்.

வராது என்றார் கண்ணாடியக்கா. தையல்காரர் கோபமாகத்தான் மெஷினுக்குத் திரும்பினார். கண்ணாடியக்கா உரிந்த விரலில் துணி சுற்றிக்கொண்டு, கோணல் எழுத்தில் எழுதினார்: அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியதைப் பார்த்தேன். நிறுத்தச் சொல்லவில்லை. வால்வு மூடியிருக்கிறதா என்றும் நான் தொட்டுப் பார்க்கவில்லை.

ஆலை அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து மூன்று மாதம் நூல் கிடங்குக்கு மாற்றியது. அங்கே உட்கார்ந்து நூல் சுற்றிய கதிர்களை எண்ணுவது அவருக்கு ஜெயில் மாதிரி இருந்தது.

டிரைவரின் இடது கண் தப்பிவிட்டது. வலது கண் பால் படர்ந்ததுபோல ஆகி, வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரிந்தது. இவ்வளவு நேரம் கழுவாமல் விட்டிருந்தால் இரண்டும் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னதாக மச்சான் போனில் சொன்னார். சொல்லிவிட்டு, அன்றைக்குத் தோளைப் பிடித்து இழுத்ததை மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றார்.

கண்ணாடியக்கா ரசாயனக் கிடங்குக்குத் திரும்பிய வாரம், டாங்கரில் மச்சானுக்குப் பக்கத்து இருக்கையில் டிரைவர் வந்திருந்தார். படியில் காலை வைத்துத் தடவிப் பார்த்து இறங்கினார். ஒரு கண்ணால் ஆழம் பிடிபடவில்லை போலிருக்கிறது. கண்ணாடியக்கா அவரை உட்காரச் சொன்னார், உட்காரவில்லை.

“தம்பி, நான் அன்னைக்குப் பார்த்தேன். பார்த்தும் சொல்லல” என்றார்.

“தெரியும்கா. மச்சான் ரிப்போர்ட்டைப் படிச்சுக் காட்டினார்” என்றார் டிரைவர். “ஒரு மாசம் உங்க மேல ரொம்பக் கோவம். இப்பவும் முழுசாப் போகல. என் மேலயும் இருக்கு.”

கண்ணாடியக்கா தலையாட்டினார்.

பிறகு டிரைவர் தான் வந்த காரியத்தைச் சொன்னார். கனரக லைசென்ஸ் இனிக் கிடைக்காது. ஆலைக்கு வரும் லாரிகளை நிறுக்கிற எடைமேடையில் ஒரு ஆள் ஓய்வு பெறப் போகிறார் என்று கேள்விப்பட்டாராம். வருகிற வண்டியில் எந்த வால்வு ஒழுகும், எந்த டிரைவர் பொய் சொல்வான் என்பது தனக்கு அத்துப்படி என்றார். மேனேஜரிடம் அக்கா ஒரு வார்த்தை சொல்ல முடியுமா என்று கேட்டார்.

எச்சரிக்கைக் கடிதம் வாங்கியவர் சிபாரிசுக்குப் போவதில் இருக்கிற சங்கடம் இருவருக்கும் தெரிந்திருந்தது. கண்ணாடியக்கா அப்போதே மாடிக்குப் போனார். மேனேஜர் முதலில் முடியாது என்றார், பிறகு பார்க்கலாம் என்றார். கண்ணாடியக்கா அந்த அறையை விட்டு நகராமல் நிற்கவே, ஆறு மாதம் சோதனைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

அடுத்த திங்கட்கிழமை டிரைவர் எடைமேடை அறையில் உட்கார்ந்தார். முதலில் வந்தது மச்சான் ஓட்டி வந்த டாங்கர்தான். மாப்பிள்ளை அதை மேடையை விட்டு இறக்கிச் சரியாக நிறுத்தச் சொல்லி இரண்டு முறை திருப்பி அனுப்பினார். மச்சான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டித் திட்டியது கிடங்கு வரைக்கும் கேட்டது.