பெஞ்சுக்கு வந்த பந்து

வேல்விழி பெஞ்சில் உட்காருவதற்கென்று பிறந்தவள் இல்லை. விருத்தாசலத்தில் கூடைப்பந்து பார்க்கிற பழக்கமுள்ள யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். பந்தைத் தட்டிக்கொண்டே எதிர்ப்பக்கம் கொண்டுபோய், யாருக்குக் கொடுப்பது, எப்போது கொடுப்பது என்று முடிவு செய்கிற ஒருத்தி எல்லா டீமிலும் இருப்பாளே, அந்த ஒருத்தி இவள்தான். காலேஜில் படித்த காலத்தில் இவள் கையிலிருந்து பந்தைப் பிடுங்கினேன் என்று சொல்லிக்கொள்ள ஜில்லாவிலேயே ஆள் கிடையாது. அப்படி யாராவது பிடுங்கியிருந்தால் அது ஃபவுல் என்றுதான் இவள் இன்றுவரை சாதிப்பாள்.

இப்போது அதே காலேஜில் அசிஸ்டென்ட் கோச். கூடவே துர்கா. அவளும் பழைய ஆட்டக்காரிதான். ரிங்குக்குக் கீழே மலை மாதிரி நின்று, வேல்விழி கொடுத்ததையெல்லாம் உள்ளே போட்டவள். இரண்டு பேருக்கும் மேலே ஆதிநாராயணன் சார், உடற்கல்வி இயக்குநர். வருகிற மே மாதத்தோடு அவர் ஓய்வு பெறுகிறார். அவருக்குப் பிறகு டீம் யார் கைக்குப் போகும்? இரண்டாயிரத்து ஏழு பிறந்ததிலிருந்து வேல்விழிக்கு வேறு நினைப்பே கிடையாது.

துர்காவுக்கு அந்த ஆசை இல்லை. “எனக்கு எதுக்குடி அந்தத் தலைவலி? நீயே வச்சிக்க” என்று முதலிலேயே கையைக் கழுவிவிட்டாள். இடைஞ்சல் வந்தது தாளாளர் விருத்தகிரியிடமிருந்து. அவருக்குச் செராமிக் எஸ்டேட்டில் சொந்தச் சூளை உண்டு. டீ கப்பைக்கூட விரலால் சுண்டி, சத்தத்தை வைத்துக் கீறல் இல்லை என்று தெரிந்த பிறகுதான் வாயில் வைப்பார். அப்பேர்ப்பட்ட மனுஷர் கோச் விஷயத்தில் மட்டும் சுண்டிப் பார்க்காமலே முடிவு கட்டிவிட்டார்.

“பொம்பளைப் புள்ளைங்கள சத்தம் போட்டு வேலை வாங்கறதுக்கு ஒரு ஆம்பளை வேணும் சார். வெளியூர்ல ஒருத்தரைப் பார்த்து வச்சிருக்கேன்” என்றாராம்.

சத்தமா? வேல்விழி வாயைத் திறந்தால் ஜங்ஷனில் நிற்கிற ரயிலுக்கே கேட்கும்! ஆதிநாராயணன் சார் சிரித்துக்கொண்டே, “பொங்கல் முடிஞ்சதும் மண்டல ஃபைனலு நம்ம கோர்ட்டுலதான் நடக்குது. அன்னிக்கு டீமை வேல்விழிதான் நடத்தும், நான் ஓரமா உக்காந்துக்குவேன். நீங்க வந்து பார்த்துட்டு முடிவு பண்ணுங்க” என்று சொல்லிவிட்டு வந்தார்.

“பார்க்கட்டும் சார், நல்லா பார்க்கட்டும்” என்றாள் வேல்விழி. அவள் நம்பிக்கைக்குக் காரணமும் இருந்தது. சாயங்காலப் பயிற்சியில் முதல் டீம் அப்படி ஆடிக்கொண்டிருந்தது. பந்து போகிற இடம் தெரியாது, ரிங்குக்குள் விழுவது மட்டும்தான் தெரியும்.

அதில் ஒரு கோளாறு இருந்தது. பயிற்சிக்கு ஒழுங்காக வருகிற பெண்கள் ஒன்பது பேர்தான். ஐந்துக்கு ஐந்து ஆட ஒரு ஆள் குறையும். போன வருஷம் பந்து கொண்டுபோன பெண் படிப்பு முடித்துப் போய்விட்டாள். குறைகிற ஆளாக வேல்விழி இறங்கினாள். இறங்கியது சரி, இரண்டாவது டீமில் அல்லவா இறங்கியிருக்க வேண்டும்? மாட்டாள். கேப்டன் அம்புஜவல்லியும் இன்னும் மூன்று நல்ல ஆட்டக்காரிகளும் இருந்த முதல் டீமில், தன் பழைய இடத்திலேயே போய் நின்றாள். பந்தைக் கண்டுவிட்டால் அவளுக்குக் கை சும்மா இருக்காது, அதுதான் விஷயம்.

“கூட நின்னு ஆடிக் காட்டினாத்தானே கத்துக்குவாங்க” என்பது அவள் நியாயம்.

“ஏண்டி, மேட்ச்சுல உன் எடத்துல யாரு நிப்பா?” என்று துர்கா கேட்டாள்.

“உயரமான பொண்ணா ஒண்ண போட்டுக்கலாம். அதெல்லாம் நான் பார்த்துக்கறேன்.”

“நல்லா பார்த்த போ. இன்னொருவாட்டி முதல் டீம்ல எறங்குனியானா, மணவாளநல்லூர் போயி கொளஞ்சியப்பர் சாமிகிட்ட உம்மேல பிராது எழுதிக் கட்டிட்டு வந்துடுவேன், பாத்துக்க.”

வேல்விழி சிரித்தாளே தவிர இறங்குவதை நிறுத்தவில்லை. மண்டலத்தின் முதல் இரண்டு ஆட்டமும் சப்பை டீம்களோடு அமைந்ததால் கோளாறு வெளியே தெரியாமலே போனது.

ஃபைனல் அன்று சாயங்காலம் சூளைப் புகைபோக்கிகளுக்குப் பின்னால் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கோர்ட்டைச் சுற்றிப் பெண்கள் கூட்டம். விருத்தகிரி வெள்ளை வேட்டியோடு முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வேல்விழி புது டிராக் சூட்டும், வழக்கமாக ஆடுகிற ஷூவுமாக வந்து நின்றாள். நாடாவை இறுக்கி இரட்டை முடிச்சு வேறு போட்டிருந்தாள்.

துர்கா ஷூவைப் பார்த்தாள். “நீ ஆட வந்தியா, ஆட வைக்க வந்தியா?”

“வாயை மூடிக்கிட்டு உக்காருடி.”

எதிரே கடலூர் டீம். அந்தப் பெண்கள் விவரமானவர்கள். ஆட்டம் தொடங்கியதுமே, பந்து யார் கைக்கு வந்தாலும் இரண்டு பேராகப் போய்க் கழுத்தைப் பிடிக்கிற மாதிரி நெருக்கினார்கள். பந்து பாதிக் கோர்ட்டைத் தாண்டவில்லை. வேல்விழி எழுந்து நின்று கத்தினாள். அவள் கத்தக் கத்த நம் பெண்கள் இன்னும் தடுமாறினார்கள்.

அப்போதுதான் அது நடந்தது. அம்புஜவல்லியை இரண்டு பேர் மடக்கினார்கள். அவள் சட்டென்று திரும்பினாள், இடது பக்கம் பார்த்தாள், பார்த்த வேகத்தில் பந்தை எறிந்தாள். அருமையான பாஸ். நேராக வேல்விழியின் நெஞ்சுக்கு வந்தது. வேல்விழியும் அதை இரண்டு கையாலும் அழகாகப் பிடித்தாள். பிடித்த பிறகுதான், தான் கோட்டுக்கு வெளியே பெஞ்சுக்கு முன்னால் நிற்கிறோம் என்பதே அவளுக்கு உறைத்தது.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ரெஃப்ரி வந்து பந்துக்குக் கையை நீட்டினார். விருத்தகிரி பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து என்னவோ கேட்டார். வேல்விழிக்கு முகமெல்லாம் எரிந்தது. இத்தனை வருஷத்தில் கோர்ட்டில் அவள் பட்ட முதல் அவமானம் அதுதான்.

இடைவேளையில் கடலூர் பதின்மூன்று பாயிண்ட்டு முன்னால் இருந்தது. அம்புஜவல்லி அழுதுகொண்டிருந்தாள்.

“என்னை ஏண்டி பார்த்த? நான் வெளிய நிக்கிறது தெரியல?” என்று பாய்ந்தாள் வேல்விழி.

“டெய்லி அங்கதானக்கா நீங்க இருப்பீங்க. மடக்கிட்டா உங்ககிட்டதான குடுப்போம். வேற யார்கிட்ட குடுக்கறதுன்னு தெரியலக்கா.”

துர்கா இதற்கு மேல் குத்திக்காட்ட வேண்டியதில்லை என்று சும்மா இருந்தாள். அந்த நல்ல மனசுதான் வேல்விழியை இன்னும் சுட்டது. டீமைத் தயார் செய்கிறேன் என்று நாள் தவறாமல் தன்னைத்தான் தயார் செய்துகொண்டிருந்திருக்கிறாள். நாலு பேருக்கு நன்றாக ஆடத் தெரியும். ஐந்தாவது ஆள் டிராக் சூட்டோடு வெளியே நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறாள்.

சரி, இவளை நம்பாமல் இவளோடு தினமும் ஆடியது யார்? பயிற்சியில் எதிரே நின்ற இரண்டாவது டீம். அந்த ஐந்து பேரில் இவளுக்கு எதிராகப் பந்து கொண்டுவந்தது யார்?

பெஞ்சின் கடைசியில் கனிமொழி உட்கார்ந்திருந்தாள். நல்லூர்ப் பக்கத்துப் பெண். ஒல்லி, குள்ளம், அதனாலேயே எந்த மேட்ச்சிலும் எடுத்ததில்லை. தினமும் வேல்விழி அவளிடமிருந்து பந்தைப் பிடுங்குவாள், அவள் மறுபடியும் வருவாள், மறுபடியும் பிடுங்குவாள். தீபாவளிக்குப் பிறகு அந்தப் பிடுங்கல் குறைந்துபோனது. வலப்பக்கம் போவதுபோல் தோளைக் காட்டிவிட்டு இடப்பக்கம் வழுக்கிக்கொண்டு போக ஆரம்பித்தாள். அப்படிப் போகும்போதெல்லாம் வேல்விழி விசிலை ஊதி, “பந்தைத் தட்டாம நடந்துட்ட, ஃபவுலு” என்று ஆட்டத்தை நிறுத்திவிடுவாள். கனிமொழி நடக்கவே இல்லை. வேல்விழிக்கு அது அப்போதே தெரியும்.

“கனி, எழுந்திரு. நீதான் பந்து கொண்டுபோற.”

கனிமொழி விழித்தாள். “நானாக்கா? நான் குள்ளமாச்சே.”

“அந்தக் கடலூர் பொண்ணுங்களைப் பார்த்தல்ல? என்னைவிட நல்லா மடக்குறாங்களா?”

கனிமொழி கோர்ட்டைப் பார்த்து நிஜமாகவே யோசித்தாள். “இல்லக்கா. உங்களைவிட ஸ்லோதான்.”

துர்கா பக்கென்று சிரித்துவிட்டாள். பெண்களுக்கும் சிரிப்பு வந்தது. அன்று சாயங்காலம் அவர்கள் சிரித்தது அப்போதுதான்.

“அந்தத் தோளைக் காட்டிட்டுப் போவியே, அதைச் செய். நான் ஊதுனதெல்லாம் தப்பு. அது ஃபவுலு இல்ல” என்றாள் வேல்விழி. எல்லார் முன்னாலும் சொன்னாள். அம்புஜவல்லியிடம் திரும்பி, “இனிமே மடக்கினா இவளைப் பாரு. என் பக்கம் யாரும் திரும்பக் கூடாது” என்றாள்.

பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, இரட்டை முடிச்சை அவிழ்த்து, ஷூவைக் கழற்றிக் காலுக்குப் பின்னால் தள்ளினாள். எழுந்து ஓடிவிடுவோமோ என்று அவளுக்கு அவள் மேலேயே சந்தேகம்.

இரண்டாவது பாதியில் கனிமொழி கடலூர்க்காரிகளைப் படுத்திய பாடு இருக்கிறதே! இரண்டு பேர் வந்தார்கள், நடுவில் புகுந்து போனாள். மூன்று பேர் வந்தார்கள், யார் சும்மா நிற்கிறாளோ அவளுக்குக் கொடுத்துவிட்டு நகர்ந்தாள். தினமும் வேல்விழியிடம் மாட்டி அடிபட்டவளுக்கு இந்த நெருக்கல் ஒரு பொருட்டே இல்லை. வித்தியாசம் கரைந்துகொண்டே வந்தது. வேல்விழி வாயைத் திறக்கவில்லை. டைம் அவுட் கேட்டபோதுகூட, “தண்ணி குடிங்க, இதேமாதிரி ஆடுங்க” என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. திறந்தால் என்ன வருமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

கடைசி நிமிஷம். கடலூர் ஒரே ஒரு பாயிண்ட்டு முன்னால். பந்து கனிமொழி கையில். கடலூரின் இரண்டு பெண்கள் அவளை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே வந்து, சரியாக நம் பெஞ்சுக்கு முன்னால், கோட்டின் விளிம்பில் மடக்கினார்கள். வேல்விழி கையை நீட்டினால் பந்தைத் தொட்டுவிடலாம்.

கை நீண்டுவிட்டது. அவள் நீட்டவில்லை, தானாக நீண்டது. துர்கா அதைப் பிடித்து மடியில் அழுத்தினாள்.

கனிமொழி இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. வலது தோளைக் காட்டினாள், இரண்டு பேரும் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள், இடப்பக்கம் வழுக்கி உள்ளே போனாள். ரிங்குக்குக் கீழே அம்புஜவல்லி பெஞ்சைப் பார்க்காமல் கனிமொழியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பந்து அவள் கைக்கு வந்தது, கையிலிருந்து உள்ளே விழுந்தது. விசில் ஊதி ஆட்டம் முடிந்தது.

கூட்டம் கோர்ட்டுக்குள் பாய்ந்தது. வேல்விழிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூடவே ஒரு வலியும். ஐந்து பேரில் ஒருத்திகூடத் தன்னைத் தேடவில்லையே என்ற வலி. இதற்காகத்தானே இத்தனை பாடும் என்று அவளே அதை ஓரமாகத் தள்ளினாள்.

விருத்தகிரி வந்து, வெறுங்காலோடு நின்றவளை மேலும் கீழும் பார்த்தார். “முதல் பாதியில அந்தக் கத்து கத்துனீங்க. ரெண்டாவது பாதியில சத்தமே இல்லியேம்மா?”

“தேவைப்படலைங்க.”

அவர் பெஞ்சுக்குக் கீழே கிடந்த ஷூவைப் பார்த்தார். பிறகு ஆதிநாராயணன் சாரிடம், “அந்த வெளியூர்க்காரரை வர வேணாம்னு சொல்லிடுங்க. ஜூன்லேர்ந்து இவங்களே பார்த்துக்கட்டும்” என்றார். துர்கா பின்னால் நின்று வேல்விழியின் இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

திங்கட்கிழமைப் பயிற்சிக்கு அதே ஒன்பது பேர் வந்தார்கள். பழக்கதோஷத்தில் கனிமொழி இரண்டாவது டீம் பக்கம் போய் நின்றாள். வேல்விழி அவள் தோளைப் பிடித்து முதல் டீம் பக்கம் தள்ளிவிட்டு, அவள் நின்ற இடத்தில் தான் போய் நின்றுகொண்டாள். துர்கா விசிலை ஊதினாள்.

கனிமொழி பந்தோடு வந்தாள். வேல்விழி குனிந்து கையை விரித்து நின்றாள். வலது தோள் அசைந்தது. அது பொய் என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்தவள் வேல்விழிதான். தெரிந்தும் வலப்பக்கமே சாய்ந்தாள். கனிமொழி இடப்பக்கமாகப் போய்ப் பந்தை உள்ளே போட்டாள்.

எல்லாரும் வேல்விழியின் வாயைப் பார்த்தார்கள். கடைசியில் துர்காதான் கேட்டாள், “என்னாடி, ஃபவுலா?”

“ஒரு மண்ணும் இல்ல. ஊது, பாயிண்ட்டு” என்று சொல்லிவிட்டு வேல்விழி பந்தை எடுத்துக் கனிமொழியிடம் வீசினாள். “இன்னொருவாட்டி வாடி, பார்க்கலாம்.”