எண்ணெய் குடித்த புத்தகம்

ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரிகளுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. முதலாளிமார் தொழுகைக்குப் போகும் நாள். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் ரத்தினசாமிக்கு முதுகு நிமிரும். ஆவாரம்பட்டைத் தண்ணீரிலும் கடுக்காய்த் தண்ணீரிலும் ஊறி வந்த தோலை மேஜைமேல் விரித்து, ஈரம் காய்வதற்குள் புங்க எண்ணெய் தேய்த்து, நிழலில் கழியில் மாட்டுவது அவன் வேலை. பதினாறு வருஷமாக அதே வேலை. சோறு பிசையும்போதுகூட அவன் கை தோல் தேய்க்கிற தினுசில்தான் போகும் என்று அவன் மனைவி எல்லம்மா கேலி செய்வாள்.

அந்த வெள்ளிக்கிழமை அவனுக்கு முதுகும் நிமிரவில்லை, மனசும் நிமிரவில்லை. முந்தின நாள் சாயங்காலம் நடந்ததுதான் காரணம்.

அவன் மகள் சௌந்தரம் நாலாவது படிக்கிறாள். எப்போதும் ஓடி வருகிற பெண், வியாழக்கிழமை மட்டும் தளும்பத் தளும்பத் தண்ணீர்க்குடம் தூக்கி வருகிறவள்போல மெதுவாக வந்தாள். கையில் துணி மூட்டை. பிரித்தால் உள்ளே ஒரு தடித்த புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் பறவைகளின் படம்.

"வூட்டுக்கே குடுத்துட்டாங்களா?" என்று ரத்தினசாமி கேட்டான்.

"திங்கக்கெயம வரிக்கும் தான் நைனா. திங்கக்கெயம எங்க ஸ்கூல்ல வாசிப்பு நாளு. பன்னெண்டு பேருக்குக் குடுத்துருக்காங்க. வூட்ல படிச்சிட்டு வந்து, எல்லார் முன்னாடியும் நின்னு படிக்கணும்."

அந்தப் பள்ளிக்கூடத்தில் நாற்பது புத்தகங்கள் உண்டு. தலைமை ஆசிரியர் பஞ்சாட்சரம் பத்து வருஷமாக வேலூரில் வக்கீல் வீடு, டாக்டர் வீடு என்று படியேறிக் கேட்டு வாங்கியவை. அவற்றை ஒரு கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். டேனரிக்காரர் வீடுகளுக்குப் போனால் கொழுப்பும் சுண்ணாம்பும் ஒட்டிக்கொண்டுதான் திரும்பி வரும் என்பது அவர் பயம். கெட்ட மனிதர் அல்ல. அரும்பாடு பட்டுச் சேர்த்ததை இழந்துவிடுவோமோ என்று அஞ்சுகிறவர். பிள்ளைகள் கண்ணாடிக்கு வெளியே நின்று அட்டைகளைப் பார்த்துவிட்டுப் போவார்கள். ஆரோக்கியமேரி என்ற இளம் ஆசிரியை ஒரு வருஷம் விடாமல் கேட்டதன் பேரில்தான் இந்த வாசிப்பு நாளுக்கு அவர் சம்மதித்தார். அதற்கும் ஒரு நிபந்தனை வைத்தார். போன புத்தகம் போன மாதிரியே திரும்பி வந்தால் இனிச் சனிக்கிழமைதோறும் அலமாரி திறக்கும். ஒன்று கெட்டாலும் பூட்டுதான், எல்லோருக்கும்.

இதையெல்லாம் சௌந்தரம் மூச்சு விடாமல் சொன்னாள். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, விளக்கருகே உட்கார்ந்து, அப்பாவுக்கென்று மீன்கொத்தியைப் பற்றி வாசிக்கத் தொடங்கினாள். ரத்தினசாமிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கேட்க ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் நாலு வரி போவதற்குள் கண் சொருகிவிட்டது.

காலையில் எல்லம்மா சொன்னாள்: "கொறட்டைய்யா நீ வுட்டது! பொண்ணு ஒம் மூஞ்சியவே பாத்துனு இருந்துச்சு. அப்பறம் புக்கை மூடிட்டு கம்முனு படுத்துக்கிச்சு."

அது அவன் நெஞ்சில் முள்ளாய்க் கிடந்தது. சௌந்தரம் பள்ளிக்கூடம் போய்விட்டாள். எல்லம்மா துணி துவைக்கப் பாலாற்று ஊற்றுக்குப் போனாள். வீட்டில் அவனும் புத்தகமும்தான். பெண்ணுக்கு ஏதாவது செய்ய வேண்டும்போல் இருந்தது. என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. புத்தகத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். எழுத்து அவனோடு பேசவில்லை. ஆனால் புத்தகத்தின் முதுகு தோலால் ஆனது. தொட்டதும் செம்மண்போல் பொடிந்து விரலில் ஒட்டிக்கொண்டது.

ஆட்டுத் தோல் என்று உடனே தெரிந்தது. நன்றாகப் பதப்பட்ட தோல்தான். எண்ணெய் கண்டு எத்தனை வருஷம் ஆயிற்றோ, நாலு இடத்தில் வெடித்திருந்தது. இப்படியே விட்டால் கழன்றுவிடும். ரத்தினசாமிக்கு மனசு துள்ளியது. இந்த வேலை அவனுக்குத் தெரியும். இந்த ஊரில் அவனைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் ரெண்டு பேர் இருந்தால் அதிகம்.

ஈரத் துணியால் தோலைத் துடைத்தான். விளக்குக்கென்று புட்டியில் வைத்திருந்த புங்க எண்ணெயை உள்ளங்கையில் விட்டு, விரல் நுனியால் மெல்லத் தேய்த்தான். தோல் குடித்தது. மறுபடி விட்டான்; அதையும் குடித்தது. நிறம் திரும்பி, பழுத்த புளியங்கொட்டைபோல் பளபளத்தது. பிறகு, எந்தத் தோலுக்கும் செய்வதைப்போலவே, நிழலில் துணிக்கென்று கட்டியிருந்த கழியில் புத்தகத்தை விரித்து மாட்டினான். தோலுக்குப் பின்னால் காகிதம் இருப்பது அவன் நினைவிலேயே இல்லை. பல நாளாக வராத நிம்மதியான தூக்கம் அன்று மத்தியானம் அவனுக்கு வந்தது.

சாயங்காலம் சௌந்தரத்தின் குரல் அவனை எழுப்பியது. "நைனா, புக்கு எங்க?"

அவன் சிரித்துக்கொண்டே கழியைக் காட்டினான். அவள் எடுத்தாள், திறந்தாள், அப்படியே நின்றாள். தைத்த இடத்திலிருந்து எண்ணெய் உள்ளே ஊர்ந்து, ஒவ்வொரு தாளிலும் பாதிவரை ஏறியிருந்தது. ஏறிய இடமெல்லாம் கண்ணாடிபோல் ஆகிவிட்டது. முன்பக்கத்து எழுத்தும் பின்பக்கத்து எழுத்தும் ஒன்றன்மேல் ஒன்று தெரிந்தன.

அவள் அழுதிருந்தால்கூட அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். "தாளெல்லாம் எண்ணெ குடிச்சிடுச்சு நைனா," என்று மட்டும் சொன்னாள். புத்தகத்தை மூடிவிட்டு, "இனிமே யாருக்கும் தர மாட்டாங்க," என்றாள்.

எல்லம்மா துவைத்துக் காய்ந்த துணியோடு உள்ளே வந்து பார்த்தாள். "ஐயோ, இன்னாய்யா பண்ணி வெச்சிருக்கே! சரி, சரி. வெளக்கு கவுந்துடுச்சுன்னு சொல்லிக்கலாம். வெளக்கு கவுறாத வூடு எது?"

ரத்தினசாமி யோசித்துப் பார்த்தான். விளக்குக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தது என்று கேட்பார்களே. யார் பெயர் வரும்? பொய் சொன்னவன் தப்பித்துக்கொள்வான். அது போய்க் குழந்தையின் தலையில்தான் விழும். அன்று அவன் சாப்பிடவில்லை.

மறுநாள் புத்தகத்தைத் துணியில் சுற்றி டேனரிக்குக் கொண்டுபோய் மேஸ்திரி ஷபீ அஹமதுவிடம் காட்டினான். கதையைக் கேட்டு மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார்.

"புக்குக்கு எண்ணெ போட்டியா? அடப்பாவி! நல்ல வேள, சுண்ணாம்புக் குழியில எறக்காம வுட்டியே!"

"சிரிக்காத பாய். எம் பொண்ணு மூஞ்சியப் பாக்க முடியல."

மேஸ்திரி சிரிப்பை நிறுத்தினார். தாடியைத் தடவிக்கொண்டு பக்கங்களைப் புரட்டினார். "பேஜாராப் போச்சே. சரி, தவிடு எடுத்துனு போ. ஏட்டுக்கு ஏடு வெச்சு மேல கல்லு ஏத்து. நடுவுல ஜாஸ்தி, ஓரத்துல கம்மி. முழுசாப் போவாது. ஆனா கொஞ்சம் இழுத்துக்கும்."

"திங்கக்கெயம காலைல ஸ்கூலுக்குப் போவணும் பாய்."

"போ. ஒன் மேஜைல நான் நிக்கிறேன். எனக்கும் இந்த வேல மறந்துடலியே!"

ஞாயிற்றுக்கிழமை எல்லம்மாவும் சௌந்தரமும் பகல் முழுக்கத் தவிடு வைத்தார்கள், உதறினார்கள், மறுபடி வைத்தார்கள். வேலை விட்டு வந்ததும் ரத்தினசாமியும் உட்கார்ந்தான். எண்ணெய் பாதி இறங்கியது, மீதி இறங்கவில்லை. மூன்று பேருக்கும் கழுத்து வலித்தது. அதற்குமேல் செய்ய ஒன்றும் இல்லாததால் படுத்துக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூட வாசலில் மாவிலைத் தோரணம் கட்டியிருந்தது. பிள்ளைகள் காகிதத்தில் பூ வெட்டிச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். ஏழெட்டுத் தாய்மார்கள் பின்வரிசையில், சேலையில் ஏறிய பட்டை வாடைக்குக் கூசியவர்கள்போல் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள். ரத்தினசாமி நேராகத் தலைமை ஆசிரியரின் மேஜைக்குப் போய்ப் புத்தகத்தை வைத்தான்.

பஞ்சாட்சரம் திறந்து பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "சொன்னேனா இல்லையா?" என்று ஆரோக்கியமேரியைப் பார்த்துக் கேட்டார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஐயா, எம் பொண்ணு மேல ஒரு தப்பும் கெடையாது," என்றான் ரத்தினசாமி. "அது கையக் கயுவாம இதைத் தொட்டதே இல்ல. நான்தான் எண்ணெ போட்டேன்."

"எண்ணெய் போட்டியா? எதுக்குய்யா?"

"முதுகு காஞ்சி வெடிச்சிருந்துச்சுங்க. எங்க கையில அப்படி ஒரு தோலு வந்தா சும்மா வெக்க மாட்டோம். பொண்ணுக்கு இன்னா செய்றதுன்னு தெரியல. தெரிஞ்சதச் செஞ்சேன்."

"பத்து வருஷம் அலைஞ்சேன்யா இதுக்கு," என்றார் பஞ்சாட்சரம். குரலில் கோபத்தைவிட ஓய்ச்சல்தான் இருந்தது.

"பூட்டறதா இருந்தா எங்க வூட்டுக்கு மட்டும் பூட்டுங்க ஐயா. மத்த பதினோரு புள்ளைங்க இன்னா பண்ணுச்சு?"

அவர் புத்தகத்தை மூடிச் சௌந்தரத்திடம் நீட்டினார். "ஆரம்பிக்கலாம்," என்றார்.

பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து வாசித்தார்கள். சிலர் கத்தினார்கள், சிலர் முணுமுணுத்தார்கள். வேலு என்ற பையன் வரியை விட்டுவிட்டு அதே வரிக்கு மூன்று தடவை திரும்பி வந்தான். அவன் தாய் அதற்கும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கடைசியில் சௌந்தரம் எழுந்து தன் புத்தகத்தை விரித்தாள். எதிரே ஜன்னல். வெளிச்சம் தாளுக்குள் புகுந்ததும் எழுத்துகள் கலந்துவிட்டன. ரெண்டாவது வரியில் நின்றுவிட்டாள். முன்வரிசையில் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள்.

பின்வரிசை ஓரத்தில் நின்றிருந்த ரத்தினசாமியின் வாய் தானாகவே முருகா, முருகா என்றது.

ஆரோக்கியமேரி எழுந்து வந்தாள். ஒரு பிள்ளையின் சிலேட்டை வாங்கி, அந்தத் தாளுக்கு அடியில் செருகினாள். கறுப்பு வந்து பின்னால் நின்றதும் வெளிச்சம் அடங்கியது. மேலிருந்த எழுத்து மட்டும் தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாத எந்தக் கை எந்த நேரத்தில் யாரைப் பிடித்து எழுப்பிவிடும் என்று நம்மால் சொல்ல முடிவதில்லை. சௌந்தரம் மூச்சை இழுத்துக்கொண்டு வாசித்தாள். மீன்கொத்தி ஆற்றங்கரை மண்ணில் வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கும் என்று வாசித்தாள். தாளைத் திருப்புவாள், சிலேட்டை நகர்த்துவாள், வாசிப்பாள். பின்வரிசைத் தாய்மார்கள் கழுத்தை நீட்டிக் கேட்டார்கள்.

எல்லாம் முடிந்தபின் பஞ்சாட்சரம் புத்தகங்களை வாங்கி அலமாரியில் அடுக்கினார். பதினொன்றும் போன மாதிரியே வந்திருந்தன. பறவைப் புத்தகத்துக்கு இடம் பண்ண, பத்து வருஷமாக வெளியே போகாத ஒரு புத்தகத்தை நகர்த்தினார். அதன் முதுகு அப்படியே செந்தூளாக உதிர்ந்து அவர் விரல்களில் அப்பிக்கொண்டது. விரல்களைப் பார்த்தார். பறவைப் புத்தகத்தின் முதுகைத் தொட்டுப் பார்த்தார். அது மெத்தென்று வளைந்து கொடுத்தது. வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"இதை உள்ளே வைக்க முடியாதுய்யா," என்றார் ரத்தினசாமியிடம். "பக்கத்துல இருக்கறதுக்கெல்லாம் எண்ணெய் ஏறிடும். நீயே எடுத்துக்கிட்டுப் போ. ஆனா உன் புத்தகம்னு நினைச்சுடாதே. பள்ளிக்கூடத்துப் புத்தகம். எந்தப் பிள்ளை வந்து கேட்டாலும் உக்கார வெச்சுக் கொடுக்கணும்."

ரத்தினசாமி ரெண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டான்.

பஞ்சாட்சரம் சாவியை மேஜைமேல் வைத்தார். "எனக்குச் சனிக்கிழமை வேலூருக்குப் போற ஜோலி இருக்கும்," என்றார் ஆரோக்கியமேரியைப் பார்க்காமலே. "அலமாரியை நீ திறந்து கொடு. யாரும் எண்ணெய் மட்டும் போட வேண்டாம்னு சொல்லு."

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம். ரத்தினசாமி கைகளை விரித்துப் பாயில் கிடந்தான். உடம்பில் ஒரு எலும்பும் மற்றோர் எலும்போடு சேர்ந்திருப்பதாகத் தெரியவில்லை. வாசலில் நிழல் ஆடியது. சௌந்தரத்தோடு மூன்று பிள்ளைகள், கையில் சிலேட்டோடு.

"பறவை புக்கு இங்க தானே இருக்குது?" என்று ஒன்று கேட்டது.

அந்த ஒற்றை அறையில் வெளிச்சம் விழுகிற இடம் வாசலோரம்தான். அங்கேதான் அவன் படுத்திருந்தான். முனகிக்கொண்டு எழுந்தான். பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, பானைகள் அடுக்கிய இருட்டு மூலைக்குப் போய் விரித்தான். பிள்ளைகள் அவன் கிடந்த இடத்தில் வட்டமாக உட்கார்ந்தார்கள். புங்க எண்ணெய் வாடையோடு புத்தகம் திறந்தது.

"கொஞ்சம் சத்தமாப் படிங்கம்மா," என்றான் ரத்தினசாமி. "இங்க காதுல வுயல."