முழுப் பஞ்சும் ஓட்டைப் பஞ்சும்

காதண்ணனுக்குக் காது போய்க்கொண்டிருந்தது. அந்தப் பட்டறைக்கு இதைவிடக் கெட்ட செய்தி வேறு இருக்க முடியாது. அது கம்பி வைத்த இயர்பட் செய்யும் இடம். விலையைக் கேட்டால் வேடிக்கை பார்க்க வந்தவர் வாயை மூடிக்கொண்டு வாசல்படி இறங்கிவிடுவார். ஓசைப் பைத்தியம் பிடித்தவர்கள் மட்டும் சொல்லிவைத்து, மாதக்கணக்கில் காத்திருந்து வாங்குவார்கள்.

கீழே பட்டறை, மேலே வீடு. ஆள் மொத்தமே மூன்று பேர். மனைவியின் தம்பி கம்பிகளை ஈயம் வைத்துப் பற்றவைப்பான், மனைவி பஞ்சு உறை மாட்டிப் பெட்டியில் அடைப்பாள், காதண்ணன் கேட்பார். கேட்பதைத் தவிர அவருக்கு வேறு வேலை தெரியாது. ஒரு திருகாணியைத் திருகக் கொடுத்தால் திருகாணியும் போகும், விரலும் போகும். ஆனால் இயர்பட்டைக் காதில் வைத்துக் கண்ணை மூடி, "இன்னும் ஒரு மயிரிழை அடக்கு" என்று சொன்னால், மைத்துனன் ஓசையை அடக்க உள்ளே ஒட்டும் மெல்லிய தாளை மாற்றுவான், ஓசை சரியாகிவிடும். அதனால்தான் பேர் காதண்ணன்.

இந்த வகை இயர்பட்டுக்கு ரப்பர் மூக்கு கிடையாது. காதுக் குழியில் சும்மா உட்காரும். அதன் முகத்தில் போடும் பஞ்சுதான் பாதி ஓசையைத் தீர்மானிக்கும். முழுப் பஞ்சு போட்டால் பேஸ் என்கிற அடிக்குரல் கனக்கும், ட்ரெபிள் என்கிற உச்ச ஓசை அடங்கும். நடுவில் வட்டமாக வெட்டிய ஓட்டைப் பஞ்சு போட்டால் ட்ரெபிள் தாராளமாக வெளியே வரும். இந்த இரண்டையும் ஒப்பிட்டுக் காதண்ணன் மணிக்கணக்கில் பேசுவார், எதிரில் இருப்பவர் கொட்டாவி விட்டாலும் விடமாட்டார்.

விஷயம் அவருக்கு முதலில் உறைத்தது கொசுவால்தான். "நம்ம வீட்ல இப்பல்லாம் கொசுவே இல்ல பாத்தியா" என்று ஒரு நாள் பெருமையாகச் சொன்னார். மனைவி அவர் கையைப் பார்த்தாள். முழங்கை வரைக்கும் தடித்துத் தடித்து வீங்கியிருந்தது. கொசு இருந்தது, அதன் ரீங்காரம்தான் அவருக்கு இல்லை. டாக்டரிடம் போகவில்லை. போனால் உண்மையைச் சொல்லிவிடுவாரே!

அதற்குப் பிறகு ட்ரெபிள் எல்லாம் போர்வைக்கு அடியிலிருந்து வருவதுபோல இருந்தது. முழுப் பஞ்சும் ஓட்டைப் பஞ்சும் ஒன்றுபோலவே பேசின. ஆனாலும் மனுஷர் கெட்டிக்காரர். ஓட்டைப் பஞ்சின் விளிம்பு காதுத் தோலில் மெல்லிய வளையமாக உறுத்தும், முழுப் பஞ்சு வழவழவென்று உட்காரும். கேட்டுச் சொல்ல வேண்டியதைத் தொட்டுச் சொல்லிக்கொண்டு காலத்தை ஓட்டினார். காதும் காதும் வைத்ததுபோல் காரியம் நடந்தது. வீட்டில் யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்தார். தெரிந்துவிட்டால் தனக்கு அந்தப் பட்டறையில் என்ன இடம்? இந்தக் கேள்வி சாப்பிடும்போதும் அவர் கூடவே உட்கார்ந்து சாப்பிட்டது.

புது மாடல் தயாரானதும் ஒரு பெரிய கடையின் வியாபாரி நேரில் வந்தார். ஆர்டர் கொடுத்தால் வருஷம் முழுக்க வேலை. கைபேசியை நீட்டிப் பிடித்துக்கொண்டு, "சார், ஒரு சின்ன விளையாட்டு. கண்ணைக் கட்டிடறேன். எந்தப் பஞ்சுன்னு கேட்டுச் சொல்லுங்க. வீடியோ போட்டா ஜனங்க அசந்துடுவாங்க" என்றார்.

"அத்தானுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா" என்று மைத்துனன் சிரித்தான். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டதைக் காதண்ணன் கவனித்திருக்கலாம், ஆனால் அதற்குள் கண்ணைக் கட்டிவிட்டார்கள்.

காதில் வைத்தார்கள். பாட்டு ஓடியது. பேஸ் வழக்கத்தைவிடக் கனமாக இருக்கிறதோ என்று ஒரு கணம் பட்டது. ஆனால் தோலில் அந்த வளையம் உறுத்தியது. காதை நம்பாமல் தோலை நம்பினார்.

"ஓட்டைப் பஞ்சு. ட்ரெபிள் அப்படியே திறந்து வருது பாருங்க. ஜன்னலைத் திறந்து விட்ட மாதிரி. டிரம்ஸ்ல சிம்பல் தட்டறது ஒவ்வொண்ணும் தனித்தனியா கேக்குது."

மைத்துனன் குரல் வந்தது. "சரியா சொல்லிட்டார்."

வியாபாரி கை தட்டினார். தானும் மாட்டிக் கேட்டார். "ட்ரெபிள் குத்தவே இல்லையே, ஓசை வெண்ணெய் மாதிரி இருக்கு" என்று மெச்சினார். ஆர்டர் கொடுத்துவிட்டு, மறுநாள் விளம்பரப் படம் எடுக்க ஆளோடு வருவதாகச் சொல்லிப் போனார்.

காதண்ணன் பூரித்துப்போனார். அந்த இயர்பட்டைக் கையில் எடுத்துச் செல்லமாகப் பஞ்சைக் கழற்றினார். ஓட்டைப் பஞ்சு வந்தது. அதன் அடியில் இன்னொரு பஞ்சு இருந்தது, முழுசாக, ஓட்டையே இல்லாமல்.

அவர் இரண்டையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். சிம்பல் தனித்தனியாகக் கேட்டதாம், ஜன்னல் திறந்ததாம்! வெட்கம் காது மடல்வரை சுட்டது.

"இது என்ன மாப்ள?"

மைத்துனன் பற்றவைக்கும் கோலை அணைத்தான். "ட்ரெபிள் பத்தலைன்னு நீங்க சொன்னபடி தாளைக் குறைச்சுக்கிட்டே வந்தேன் அத்தான். ட்ரெபிள் ஊசி மாதிரி குத்துச்சு. அந்தாள் கேட்டா எழுந்து ஓடிருப்பான். பிரிச்சு மாத்த நேரமில்ல, அதான் அடியில ஒண்ணு போட்டேன். கண்ணைக் கட்டுவான்னு எனக்கு என்ன தெரியும்?"

"அப்ப தப்பா சொன்னதை ஏன் சரின்னே?"

அவன் அக்காவைப் பார்த்தான். அவள் பெட்டிகளை அடுக்கிக்கொண்டே இருந்தாள். அந்தப் பார்வை ஒன்றே போதுமாக இருந்தது.

"உனக்கும் தெரியுமா?" என்றார் மனைவியிடம்.

"கொசு கடிச்சப்பவே தெரியும்" என்றாள் அவள். "நீங்களா சொல்வீங்கன்னு பாத்தேன்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். சாப்பிட்டவர்கள் எல்லாருக்கும் பூசணிக்காய் தெரிந்திருக்கிறது. யோசித்து யோசித்துக் கடைசியில் கேட்கக்கூடாத ஒன்றைக் கேட்டார். போன மாடலை உலகமே கொண்டாடியிருந்தது. அவர் வாழ்நாளில் செய்ததிலேயே நல்லது அதுதான் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அதுவாவது நான் சொன்னபடி போச்சா?"

"விடுங்க அத்தான்."

"கேக்கறேன்ல."

"நீங்க தூங்கப் போனப்புறம் நானும் அக்காவும் உக்காந்து மாத்தினோம்" என்றான் மைத்துனன். சொன்னவனுக்கே கண் கலங்கியது. "உங்ககிட்ட கத்துக்கிட்டதுதானே, வேற என்ன."

அந்த ஆறுதல் அடியைவிட வலித்தது. இரவு முழுக்க அவர் புரண்டுகொண்டிருந்தார். விடிந்ததும் கீழே இறங்கி வந்து மைத்துனனிடம் ஒரே பேச்சாகச் சொன்னார்: "அந்த வியாபாரி வரட்டும். எனக்குக் காது போச்சுன்னு சொல்லிடறேன். இனிமே நீதான் கேக்கறேன்னு சொல்லு. நான் பெட்டி கட்டறேன். பொய்யா உக்காந்திருக்க என்னால ஆகாது."

சொன்னதும் அவருக்கு மனசு லேசாயிற்று. பல மாதங்களில் முதல் தடவையாக மூச்சு முழுசாக வந்தது. மைத்துனன் கட்டிப்பிடிப்பான், மனைவி அழுவாள் என்றெல்லாம் எதிர்பார்த்தார்.

மைத்துனன் முகம் வெளிறியது. "வேண்டாம் அத்தான். உங்க காதை நம்பித்தான் வாங்கறாங்க. நான் கேட்டேன்னு சொன்னா ஒருத்தனும் வரமாட்டான். பட்டறையை மூடிட்டுத் தெருவுல நிக்க வேண்டியதுதான்."

காதண்ணன் மனைவியைப் பார்த்தார். அவளாவது ஒரு வார்த்தை சொல்வாள் என்று பார்த்தார். அவள் அவருடைய நல்ல சட்டையைத் தேய்த்து எடுத்துவந்து நீட்டினாள். "அவங்க வர நேரமாச்சு, மாத்திக்குங்க" என்றாள். குரலில் கோபமும் இல்லை, ஏளனமும் இல்லை. களைப்பு மட்டும்தான் இருந்தது.

படம் எடுக்கும் ஆள் விளக்கை வைத்தான். ஜன்னலோரம் அவரை உட்காரவைத்தார்கள். மைத்துனன் புது ஜோடி ஒன்றை எடுத்து அவர் காதுகளில் வைத்தான். மனைவி குனிந்து கம்பியின் மறுமுனையை மேஜைக்கு அடியில் சுருட்டி வைத்தாள், எதிலும் செருகவில்லை.

"பாட்டு வேண்டாமா?" என்று கேட்டார் காதண்ணன்.

"படத்துல பாட்டு கேக்காது சார்" என்று சிரித்தான் படம் எடுப்பவன். "கண்ணை மூடிக்கிட்டு, நல்லா கேக்கற மாதிரி இருங்க."

அவர் மைத்துனனைப் பார்த்தார், பிறகு கண்ணை மூடிக்கொண்டார். தலையை லேசாகச் சாய்த்து, விரலால் மேஜையில் தாளம் போட ஆரம்பித்தார்.