காலுக்கு மசாஜ் மாதிரி

எலக்ட்ரீஷியனான அப்பா ஏணியிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். மண்டைக்குள்ளும் லேசான ரத்தக்கசிவு. அதனால் ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஊசியை அவருக்குப் போட முடியாது. அசையாத காலில் ரத்தம் கட்டி, அது நுரையீரலுக்குப் போனால் ஆள் போய்விடுவார், ஆகவே மெஷின்தான் என்றார் டாக்டர். அம்மா அழுதுகொண்டிருந்தாள். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

மெஷின் என்பது கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் ஒரு பெட்டி. இரண்டு குழாய்கள், முனையில் இரண்டு உறைகள். கெண்டைக்காலில் சுற்றி ஒட்டினால் காற்று நிரம்பி இறுக்கும், பிறகு புஸ்ஸென்று விடும். நாள் முழுக்க இதே வேலை. அப்பாவுக்கு விளக்க நர்ஸுக்கு நேரமில்லை, இருபத்திரண்டு கட்டில் அவளுக்கு. "ஒண்ணுமில்லப்பா, காலுக்கு மசாஜ் மாதிரி" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

மறுநாள் அம்மாவின் அண்ணன், பெரிய மாமா, ஆறு மணி நேரம் பஸ்ஸில் நின்றபடியே வந்து சேர்ந்தார்.

"என்ன மச்சான், படுத்த இடத்துலயே மசாஜா? ராஜ வாழ்க்கைதான்!"

அப்பாவுக்குக் கூச்சமாகிவிட்டது. "உங்க காலு வீங்கியிருக்கே மச்சான். டேய், கழட்டி மாமாவுக்கு மாட்டி விடு."

"அப்பா, டாக்டர் வந்து..."

"வந்த மனுஷனை நிக்கவச்சிட்டு டாக்டர் கதை பேசாதே."

கழற்றினேன். மாமா நாற்காலியில் சாய்ந்து மூன்று மணி நேரம் குறட்டை விட்டார்.

சாயங்காலம் அப்பாவின் தங்கை வந்தாள். "அண்ணி வீட்டு ஆளுக்கு மூணு மணி நேரம். கூடப்பொறந்தவளுக்கு ஒண்ணுமில்லையா?"

குடும்பம் உடையாமலிருக்க நான் முறை போட்டுக் கொடுத்தேன். காலையில் அம்மா பக்கம், மதியத்துக்கு மேல் அப்பா பக்கம். பட்டியலில் அப்பா இல்லை. வீட்டுக்காரர் விருந்தாளியை முந்தக்கூடாது. நர்ஸின் செருப்புச் சத்தம் கேட்டால் உறையை அப்பாவின் காலுக்கு மாற்ற எனக்குப் பத்து நொடி போதும்.

நான்காம் நாள் அப்பாவின் இடது கெண்டைக்கால் உப்பிப் பளபளத்தது.

"பாருங்கண்ணி, ரெண்டு நாள் மசாஜுக்கே காலு எப்படித் தேறிடுச்சு!" என்றாள் அத்தை.

"வலிக்குதும்மா" என்றார் அப்பா.

"தேறும்போது வலிக்கத்தானே செய்யும்" என்றார் மாமா, தன் கால் உறையைச் சரிசெய்துகொண்டே.

மதியம் அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. நெற்றியெல்லாம் வேர்வை. நர்ஸைக் கூப்பிட ஓடினேன். அவள் வந்து சேர்ந்தபோது உறைகள் அப்பாவின் காலில் இருந்தன. அத்தை மாட்டியிருந்தாள். அரைமணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

டாக்டர் பெட்டியின் பின்பக்கம் ஒரு பொத்தானை அழுத்தினார். எத்தனை மணி நேரம் ஓடியது என்று அது கணக்கு வைத்திருந்ததாம். யாருடைய காலில் என்று அது கேட்டுக்கொள்வதில்லை.

"நிக்காமதான் ஓடியிருக்கு. இருந்தும் சிலருக்கு இப்படி ஆயிடும். உங்க பக்கம் ஒரு குறையும் இல்ல" என்று எழுதிக்கொண்டார். "இடையில கழட்டவே இல்லையே?"

அத்தை மாமாவைப் பார்த்தாள். மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள்.

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். மாமா சட்டென்று என்னை அணைத்துத் தன் தோளில் என் முகத்தை அழுத்திக்கொண்டார்.

"அழாதே மாப்ள, அழாதே" என்றார்.

அதுவரை நான் அழவில்லை. அப்புறம் அழுதேன். பதில் சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது.