கரண்டி தொட்ட கோப்பை

செப்டம்பர் 9, புதன்கிழமை. காலையில் மெல்லிய தூறல்; நண்பகலுக்குள் வானம் வெளுத்துவிட்டது. காற்று மட்டும் ஈரத்துடன் நின்றது.

அன்று மாலை என் அண்ணனின் தொண்டையைச் சோதிக்கப் பேச்சுச் சிகிச்சையாளர் வருவதாக இருந்தது. பக்கவாதத்திற்குப் பின், நீர்த்த எதையும் அண்ணனால் பத்திரமாக விழுங்க இயலவில்லை. அது வழி தவறி மூச்சுக்குழலுக்குள் இறங்கிவிடும். ஆகவே தேநீரிலும் ஒரு பொடியைக் கலந்து, தேன் பதத்திற்குக் கெட்டியாக்கியே கொடுக்க வேண்டும். அண்ணி இவ்விதியை இம்மியும் மீறியதில்லை. இருந்தும், கரண்டியால் அள்ளிப் பாதிக் கோப்பை வரை சுகமாகப் பருகும் அண்ணன் மீதிப் பாதியில் இருமினார். அடுத்த முறையும் இருமினால் மூக்கு வழியாகக் குழாய் செருகித்தான் உணவூட்ட வேண்டும் என்று சிகிச்சையாளர் சென்ற முறையே கூறியிருந்தார்.

"நீதான் பாதியில தண்ணி ஊத்துற," என்று காலையிலேயே அண்ணன் குழறினார்.

"ஆமா, உங்களை இரும வெச்சு வேடிக்கை பாக்கிறதைத் தவிர எனக்கு வேற வேலை இல்ல பாருங்க," என்றார் அண்ணி.

நான் எவர் பக்கமும் சாயவில்லை. கலக்கும்போது கெட்டியாக இருந்த தேநீர், கோப்பையில் இருந்தபடியே எவ்வாறு நீர்த்துப்போகிறது? இவ்வினாவைச் சுமந்தவாறே வேலைக்குச் சென்றேன்.

துணி அச்சிடும் ஆலையில் பசைப் பிரிவு என் பொறுப்பு. சாயம் துணியில் பரவி ஓடாமல் கோட்டுக்குள் நிற்க வேண்டுமெனில், அதனைப் பசையில் குழைக்க வேண்டும். அப்பசை கொத்தவரை விதையிலிருந்து பெறப்படுகிறது. அவ்விதையின் முளைசூழ்தசையில் உள்ள செல்சுவர்கள் தடித்து, மன்னான் வகைப் பல்சர்க்கரையால் நிறைந்திருக்கும். முளைக்கும் கரு அச்சுவர்களையே கரைத்து உண்கிறது. பிறந்த வீட்டின் சுவரைத் தின்று வளரும் பிள்ளை! இதனை முதன்முதலில் படித்த நாளில், வியப்பினால் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

முற்பகலில் எங்கள் கலவை இயக்குநர் ஓடிவந்தார். ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர். நடையின் நிதானம் கருதி எல்லாரும் அவரைப் 'புயல்' என்றே அழைப்பர். அவர் ஓடியதை அன்றுதான் கண்டேன்.

"தங்கச்சி, கொலை பண்ணிட்டேன்!"

நெசவின்போது நூலில் ஏற்றிய மாவுக்கஞ்சியை நீக்குவதற்குப் பக்கத்துக் கூடத்தில் ஒரு நொதிநீரைப் பயன்படுத்துவர். புயல் அந்த வாளியை வெறும் தண்ணீர் என்று எண்ணி, நீலப் பசைத் தொட்டியில் கவிழ்த்திருந்தார்.

"அய்யய்யோ! மொத்தமும் தண்ணியாப் போயிருக்குமே?"

"அதுதானே அதிசயம். நானும் ரொம்ப நேரமா நின்னு பாக்குறேன். அது பாட்டுக்கு அசையாம இருக்கு, என்னை மாதிரியே."

துடுப்பைத் தூக்கிப் பார்த்தேன். பசை கனத்த கயிறு போல் மெல்ல வழிந்தது. சற்றே சிந்தித்தபோது காரணம் புலப்பட்டது. மாவுச்சத்தும் மன்னானும் சர்க்கரையைக் கோத்த சங்கிலிகளே. ஆயினும் கோத்திருக்கும் கொக்கிகள் வெவ்வேறு. மாவுச்சங்கிலியை அறுக்கும் நொதிக்கு மன்னான் சங்கிலி பிடிபடாது.

அடுத்த கணமே வாயில் எச்சில் ஊறுவதை உணர்ந்தேன். மாவை அறுக்கும் அதே வகை நொதி எச்சிலிலும் உள்ளது அன்றோ?

"என்ன தங்கச்சி, எச்சில் முழுங்குற? பசையைக் குடிச்சுப் பாக்கப் போறியா?"

"உங்க கொலையை மன்னிச்சாச்சு அண்ணே. நான் அரை நாள் லீவு."

வீட்டிற்கு வந்ததும் பொடி டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். 'சோள மாவுச்சத்து' என்றிருந்தது. அண்ணியை ஒரே அளவில் இரண்டு கோப்பைத் தேநீர் கலக்கச் செய்தேன். ஒன்றைச் சுத்தமான கரண்டியால் கலக்கினேன். மற்றொரு கரண்டியை அண்ணனிடம் நீட்டினேன்.

"வாயில வெச்சுக் குடுங்க அண்ணா."

"என் எச்சிலுக்காவது இந்த வீட்டுல ஒரு மதிப்பு வந்துச்சே," என்று வைத்துக் கொடுத்தார்.

அக்கரண்டியால் இரண்டாம் கோப்பையைக் கலக்கி, அதனுள்ளேயே விட்டுவைத்தோம். சிறிது நேரம் கழித்து இரண்டையும் கரண்டியால் அள்ளித் தூக்கிப் பார்த்தபோது, முதலாவது தேன் போல் இழிந்தது. இரண்டாவது மழைத்துளியாகச் சொட்டியது.

"பாத்தீங்களா, தண்ணி ஊத்துனது யாருன்னு?" என்று அண்ணி இடுப்பில் கை வைத்தார். "கரண்டியை வாயில வெச்சு, கோப்பையில போட்டு, பேப்பரை எழுத்து விடாம படிச்சு... கல்யாணம் ஆன நாள்லேர்ந்து சொல்றேன், டீ குடிக்கும்போது பேப்பர் வேணாம்னு!"

சிகிச்சையாளர் வந்ததும் இரு கோப்பைகளையும் காட்டினேன். அவர் தாமே கரண்டியைத் தூக்கிச் சோதித்தார்.

"கரண்டியை உள்ளேயே ஊற வெப்பாருன்னு என்கிட்ட யாருமே சொல்லலையே! அப்ப எச்சில்தான் வேலையைக் காட்டியிருக்கு." பையிலிருந்து வேறொரு டப்பாவை எடுத்தார். "இது விதைப்பசை. எச்சில் இதை ஒண்ணும் பண்ணாது. ஆனா முடிவு உங்க தொண்டை கையிலதான்." அதே பையிலிருந்து, ஒளிபுகும் உறையில் சுருண்டிருந்த குழாயையும் எடுத்து மேசைமீது வைத்தார். அண்ணன் அதைப் பார்க்காததுபோல் ஜன்னலைப் பார்த்தார்.

அண்ணி புதுப்பொடியைக் கலக்கினார். தேநீர் நீர்த்தே இருக்கக் கண்டு, இன்னொரு கரண்டி அள்ளினார்.

"பொறுங்க அண்ணி! பசை ஊறணும். அவசரப்பட்டா கடைசியில கத்தி வெச்சுதான் வெட்டணும்."

பொறுத்தோம். தேநீர் தேன் பதத்தை எய்தியது. சிகிச்சையாளர் தலையசைத்தார்.

அண்ணன் செய்தித்தாளைக் கேட்டார்.

"இப்பவுமா?" என்றார் அண்ணி.

"பரிசோதனைன்னா... எப்பவும் போல... இருக்கணும்ல?"

அவர் கூறியதில் நியாயம் இருந்தது. ஒரு வாய் பருகினார், கரண்டியைக் கோப்பையில் இட்டார், படித்தார். சிகிச்சையாளர் அவ்வப்போது 'ஆ' எனச் சொல்லச் செய்து, தேநீர் வழி தவறியதற்கு அடையாளமாகக் குரலில் ஈரம் கரகரக்கிறதா என்று உற்றுக் கேட்டார். பாதிக் கோப்பை வந்தது. அண்ணியின் விரல்கள் நாற்காலியின் முதுகை இறுகப் பற்றின. அண்ணன் பக்கத்தைப் புரட்டி, வீடு விற்பனை விளம்பரம் ஒன்றை உரக்க வாசிக்கலானார்.

"வாங்கவா போறீங்க? முழுங்குங்க!"

விழுங்கினார். இருமல் வரவில்லை. கரண்டியிலிருந்து இழிந்த தேநீர் முன்போலவே தடித்திருந்தது. மீண்டும் ஒரு வாய்; மீண்டும் ஒரு 'ஆ'. ஒலி தெளிவாக எழுந்தது. சிகிச்சையாளர் குழாயை எடுத்து, உறை பிரிக்காமலே பைக்குள் வைத்தார். அண்ணி நாற்காலியை விட்டார்.

கரண்டி வெறும் கோப்பையின் அடியைச் சுரண்டும் ஓசை கேட்டபோது, மாலை மணி ஐந்து ஐம்பத்திரண்டு.