மெயினை அணைக்க ஓடியவர்

அந்த எலக்ட்ரிக்கல் ஃபோர்மேனிடம் வேலை கற்றுக்கொண்ட ஒருவன்கூட இதுவரை ஷாக் அடித்துச் சாகவில்லை. இந்தப் பெருமையை அவர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம்கூடச் சொல்லுவார். புதிதாகச் சேருகிறவனுக்கு முதல் நாள் ஒரு ஸ்க்ரூ டிரைவர்கூடக் கொடுக்கமாட்டார். ஒரே ஒரு பாடம்தான் நடக்கும்.

"எவனுக்காவது அடிச்சா தொடாதே. முதல்ல மெயினை ஆஃப் பண்ணு. அவசரப்பட்டுத் தொட்டா ஒண்ணுக்கு ரெண்டா தூக்கணும்."

சரியான பாடம்தான், குறை சொல்ல முடியாது. அவருடைய ஆட்கள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள்.

அன்று ஒரு விளையாட்டு மைதானத்தில் வேலை. நான்கு மூலையிலும் இரும்புக் கம்பம் நட்டாகிவிட்டது. மேலே விளக்குகள் மாட்ட வேண்டும். ஃபோர்மேனோடு மூன்று பேர்: நெட்டை, சோடாபுட்டி, அப்புறம் அவருடைய மச்சினன். மனைவிக்கு ஒரே தம்பி. வாய் ஓயாத பிறவி.

மூன்று மணிக்குத் தூரத்தில் இடி உருண்டது.

"மாமா, இறங்கிடலாமா?" என்று மச்சினன் ஏணியிலிருந்து கத்தினான்.

"மழை வரட்டும்டா. இடிக்கெல்லாம் லீவு விட்டா வேலை எப்ப முடியும்?"

மின்சார விஷயத்தில் அவ்வளவு கறாரான மனுஷர் வானத்தைச் சும்மா விட்டுவிட்டார். அதற்கு வயர் இல்லையே என்று நினைத்தாரோ என்னவோ.

கால் மணி நேரத்தில் அடுத்த இடி தலைக்குப் பக்கத்தில் கேட்டது. அதன்பிறகுதான் எல்லாரும் இறங்கி, வீரர்கள் உடை மாற்றும் அறையை நோக்கி ஓடினார்கள். பாதி வழியில் மச்சினன், "பேட்டரி டிரில்லை விட்டுட்டேன்" என்று திரும்பினான். ஃபோர்மேன் தடுக்கவில்லை. நல்ல மெஷின், நனைந்தால் போச்சு.

அவன் கம்பத்தடியில் குனிந்தபோது உலகமே வெளுத்தது. சத்தம் காதில் அறைந்தது. கண் தெளிந்து பார்த்தால், கம்பத்திலிருந்து நாலடி தள்ளி அவன் மல்லாந்து கிடந்தான். ஒரு காலில் செருப்பு இல்லை.

நெட்டையும் சோடாபுட்டியும் அவனிடம் ஓடினார்கள்.

"தொடாதீங்கடா!" என்று ஃபோர்மேன் கத்தினார். "மெயினை ஆஃப் பண்றேன், இருங்க!"

இருவரும் சொன்ன பேச்சைக் கேட்டார்கள். மூன்றடி தள்ளி நின்று, கையைப் பிசைந்துகொண்டு, அவன் முகம் நிறம் மாறுவதைப் பார்த்தார்கள்.

சுவிட்ச் அறை மைதானத்தின் மறுகோடியில். தொந்தியைத் தூக்கிக்கொண்டு ஓடி, கதவைத் திறந்து, கைப்பிடியை இழுக்கக் கை நீட்டினார். அது ஏற்கெனவே கீழே, ஆஃபில்தான் இருந்தது. கம்பங்களுக்குப் போகும் கேபிள் முனையில் டேப் சுற்றித் தரையில் சுருண்டு கிடந்தது. இணைப்பு அடுத்த வாரம்தான். அவரே அப்படி வைக்கச் சொல்லியிருந்தார்.

கம்பத்தில் கரண்டே கிடையாது. அப்புறம் அவன் உடம்பில் எங்கிருந்து வரும்? வானத்திலிருந்து வந்தது வந்த வேகத்தில் மண்ணுக்குள் போய்விட்டது. அவன் உடம்பில் இப்போது எதுவும் இல்லை, மூச்சும் இல்லை.

"தொடுங்கடா! நெஞ்சை அழுத்துங்கடா!" என்று கத்திக்கொண்டே திரும்ப ஓடினார். காற்றில் ஒன்றும் போய்ச் சேரவில்லை.

"மெயின் ஆஃப் ஆயிடுச்சா?" என்று கேட்டான் நெட்டை.

ஃபோர்மேன் மண்டியிட்டு, முதலுதவி வகுப்பில் பொம்மைமேல் செய்து காட்டியபடி நெஞ்சை அழுத்த ஆரம்பித்தார். சோடாபுட்டி ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டான். மழை கொட்டியது. அவர் நிறுத்தவில்லை. வந்தவர்கள் அவரை இழுத்து விலக்கித்தான் வேலையைத் தொடர வேண்டியிருந்தது. வண்டியில் ஏற்றும்போது இதயம் துடித்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் மனைவி நின்றிருந்தாள். டாக்டர் கையில் அட்டையோடு வெளியே வந்தார்.

"விழுந்ததுக்கும் நெஞ்சை அழுத்த ஆரம்பிச்சதுக்கும் நடுவுல எவ்வளவு நேரம்?"

உடனே ஆரம்பித்தோம் என்று சொல்லிவிடலாம். நெட்டை வாயைத் திறக்கமாட்டான்.

"நாலு நிமிஷம் இருக்கும்."

"பக்கத்துல யாரும் இல்லையா?"

"இருந்தாங்க. நான்தான் தொட வேண்டாம்னு சொன்னேன். உடம்புல கரண்ட் இருக்கும்னு..."

"மின்னல் பட்டவங்க உடம்புல கரண்ட் தங்காதுங்க. உடனே தொடலாம்." டாக்டர் எழுதிக்கொண்டார். "மூச்சு வருது. கண்ணு திறந்தாத்தான் மத்தது சொல்ல முடியும்."

மனைவி திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"உங்ககிட்ட வேலை கத்துக்கிட்டுப் போனவங்க எத்தனை பேர் இருப்பாங்க?" என்று கேட்டாள்.

"அறுபது, எழுபது பேர்."

"எல்லார் நம்பரும் இருக்கா?"

"இருக்கு."

"கூப்பிட்டுச் சொல்லுங்க. இப்பவே. மழை இன்னும் விடல."

வராந்தாக் கோடிக்குப் போய் முதல் நம்பரை அழுத்தினார். எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் கற்றுக்கொண்டு போனவன்.

"என்ன ஃபோர்மேன், அதிசயமா இருக்கு!"

"ஒண்ணுமில்லடா. மின்னல் அடிச்சவனைத் தொடலாம். உடனே தொடணும். நான் அதைச் சொல்லிக் குடுக்கல."

"யாருக்கு ஃபோர்மேன்?" என்று கேட்டான்.